ஜன்னலைப் பெரிதாக்க யாரைக் கேட்க வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

சிறுகதைகளில் வரும் நம் குடும்பங்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லிச் சென்ற இதழில் கேட்டிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. கிளை நூலகம் ஒன்றில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். விமர்சகர்களின் அளவுகோல் என்னிடம் கிடையாது. எந்தக் கதையை யார் எப்படிப் படித்தார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்த பழக்கம் மட்டும் உண்டு. அதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையை என் மகள் படிக்கக் கொடுத்தாள். கேஸ் அடுப்பு, மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாம் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் அந்தக் கதை பொருந்துமா?
– இல்லத்தரசி, பொள்ளாச்சி

பொருந்தும். அந்தக் கதை அடுப்பைப் பற்றியது அல்ல.

அஜ்மீரில் ஒரு பெரிய கூட்டுக்குடும்பம். மாமனார் பப்பாஜி கட்டிய வீடு. குடும்பம் பெருகப் பெருக அறைகளைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். சமையலறைக்கு மட்டும் கடைசியில் ஓர் இருட்டு மூலை. தெற்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மீனாட்சி, ஜன்னலைப் பெரிதாக்கலாமே, பாத்திரம் கழுவ வசதி செய்யலாமே என்று ஒரு நாள் சாதாரணமாகச் சொல்கிறாள். வெளியே மலை தெரியும் ஜன்னல் அது. அந்த அறையில் ஒரு வேளைகூடச் சமைத்திராத பெரியவருக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. சில நாளில் அந்த ஜன்னலுக்கு எதிரே துணி காயப்போடக் கொடி கட்டப்படுகிறது. ஈரத் துணிகள் மலையை மறைக்கின்றன. யாரும் யாரையும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. இவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் இந்தக் குடும்பத்தில் யார் பேச்சு எடுபடும் என்பது நமக்கு முழுவதும் தெரிந்துவிடுகிறது.

மாமியார் ஜீஜியை அந்தக் கதை நடத்தும் விதம் இன்னும் முக்கியம். சமையலறையைக் கைக்குள் வைத்துக்கொள், அலங்காரத்தை விட்டுவிடாதே, உன் பலம் இரண்டிலும்தான் இருக்கிறது என்று அவள் தாய் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஆயுள் முழுக்க அதை அவள் நம்பியிருக்கிறாள். அந்த இருட்டு மூலை அவளுக்கு ராஜ்ஜியம். அதைப் பறித்தால் அவளிடம் என்ன மிஞ்சும்? ஜீஜி நோயில் படுத்திருக்கும்போது மீனாட்சி அவள் அருகில் அமர்ந்து பேசுவதை மறுபடி படித்துப் பாருங்கள். அந்தப் பேச்சில் குற்றச்சாட்டு கிடையாது, பரிவு இருக்கிறது.

எங்கள் நூலகத்துப் பிரதியில் அந்தக் கதை முடியும் பக்கத்தின் அடியில் யாரோ பென்சிலால் ஒரு சதுரம் போட்டு, 'எட்டுக்கு ஆறு' என்று எழுதி, ஒரு பக்கத்தில் சிறு கோடு இழுத்து 'ஜன்னல்' என்று குறித்திருந்தார். தன் சமையலறையை அளந்திருக்கிறார். திரும்பி வரும் புத்தகங்களில் உள்ள கிறுக்கல்களை அழித்து அலமாரியில் வைப்பது எங்கள் வேலை. அந்தப் பக்கத்தில் நான் ரப்பரை வைக்கவில்லை.

மிக்சி வந்தது உண்மை. உங்கள் ஊரில் புதிதாக எழும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வரைபடம் ஒன்றை வாங்கிப் பாருங்கள். கூடத்துக்கு எத்தனை சதுர அடி, சமையலறைக்கு எத்தனை என்று பாருங்கள். வீடு வாங்கும்போது அந்த இரண்டாவது எண்ணைப் பற்றி உங்கள் வீட்டில் யாராவது பேசினார்களா?

தமிழ்க் கதைகளில் மாமியார் ஏன் எப்போதும் கொடுமைக்காரியாகவே வருகிறார்?
– வாசகர், கரூர்

நல்ல கதைகளில் அப்படி வருவதில்லை. தொலைக்காட்சித் தொடர்களையும் சிறுகதைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்காதீர்கள். ஜெயகாந்தனின் 'யுகசந்தி'யில் வரும் கௌரிப் பாட்டியைப் பாருங்கள். அவளும் ஒரு மாமியார்தான். தலை மழித்த பழைய காலத்து விதவை. இளம் வயதில் கணவனை இழந்த பேத்தி கீதா மறுமணம் செய்துகொள்ளப் போவதாகக் கடிதம் எழுதுகிறாள். மகன் கொதிக்கிறான். எல்லா ஆசாரமும் அறிந்த பாட்டியோ பேத்தியுடன் இருக்கப் புறப்பட்டுவிடுகிறாள். ஆசாரத்தைச் சுமந்தவளுக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

'அக்கினிப் பிரவேசம்' வெளிவந்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். எனக்கு அந்தத் தாய் மிக நல்லவளாகத் தெரிகிறாள். பிறகு ஏன் எதிர்ப்பு? இன்றைய தாய் அந்த இடத்தில் என்ன செய்வாள்?
– கல்லூரி மாணவி, திருச்சி

ஜெயகாந்தனின் அந்தக் கதை 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. அதை மறந்துவிட்டுப் பார்த்தால் எதிர்ப்பு விளங்காது. இலக்கியம் படிக்கும் நாலு பேருக்குள் சுற்றும் சிறு பத்திரிகையில் வந்திருந்தால் யாரும் சத்தம் போட்டிருக்க மாட்டார்கள். வார இதழ் என்பது வீட்டுக் கூடத்தில் கிடக்கும். தாத்தா படித்துவிட்டு வைப்பார், மருமகள் எடுப்பாள், பள்ளிக்கூடத்துப் பெண் புரட்டுவாள். அங்கே வந்து ஒரு தாய், கெட்டுப்போனவள் என்று ஊர் சொல்லக்கூடிய தன் மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, உன் மேல் கறையே இல்லை, நீ பளிங்கு என்று சொன்னால்? வீட்டுப் பெரியவர்கள் கலங்கித்தான் போவார்கள்.

கதையை ஒரு தடவை மெதுவாகப் படியுங்கள். மழையில் கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நின்ற பெண். காரில் ஏறச் சொன்ன அந்நியன். வீடு திரும்பியவள் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னதும் தாய் முதலில் அலறுகிறாள், அடிக்கிறாள். பல குடித்தனங்கள் இருக்கும் வீடு. சத்தம் கேட்டு அண்டை வீட்டார் என்ன ஏது என்று விசாரிக்கிறார்கள். அந்த நொடியில் அவள் மாறுகிறாள். மழையில் நனைந்து வந்துவிட்டாள், அதனால்தான் கோபம் என்று சமாளிக்கிறாள். அதற்குப் பிறகுதான் மகளை உள்ளே அழைத்துப் போய்த் தண்ணீர் ஊற்றுகிறாள்.

இந்த வரிசையை விட்டுவிடாதீர்கள். முதலில் வருவது அடி. அடுத்து அயலாரின் காது. அன்பு அதற்கும் பிறகுதான். அந்தத் தாயின் பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. சமூகம் கற்றுக்கொடுத்தபடி கை எழுகிறது; அதே கையால் அவள் தண்ணீரும் மொண்டு ஊற்றுகிறாள். இரண்டுக்கும் நடுவே அவள் கடந்து வந்த தூரம்தான் கதை. ஆனால் அவள் கொடுத்த விடுதலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. யாருக்கும் தெரியக் கூடாது. ரகசியம் காக்கப்படும்வரைதான் மகள் பளிங்கு.

இது ஜெயகாந்தனுக்கே உறுத்தியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தத் தாய் வாயை மூடாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எடுத்துக்கொண்டு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலாகவே எழுதினார். 1972-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதில் அண்ணன் அவளை வீட்டை விட்டே துரத்துகிறான். கதையையும் நாவலையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு குடும்பத்தின் விதி ஒரு தாயின் ஒரு நிமிடத்தில் எப்படித் திரும்புகிறது என்பது தெரியும்.

இன்றைய தாயைப் பற்றிக் கேட்டாய் அம்மா. காவல் நிலையத்துக்கு மகளை அழைத்துப் போகும் தாய்மார் இருக்கிறார்கள், அவர்களை நான் வணங்குகிறேன். வாயை மூடச் சொல்லும் தாய்மாரும் இருக்கிறார்கள், அவர்களையும் வெறுக்க என்னால் முடியவில்லை. உன் வயதில் இருப்பவர்கள் இதைக் கதையாக எழுத வேண்டும்.

மனைவிக்கு எல்லாச் சுதந்திரமும் கொடுக்கும் படித்த கணவனைப் பற்றிக் கதை உண்டா?
– வங்கி ஊழியர், சேலம்

உண்டு. கு.ப.ராஜகோபாலனின் 'கனகாம்பரம்'. மனைவி தன் நண்பர்களுடன் கூச்சமின்றிப் பழக வேண்டும் என்று விரும்பும் கணவன் அவன். அவன் இல்லாத நேரத்தில் நண்பன் வாசலில் வந்து நிற்கிறான். அவள் உள்ளே வந்து உட்காரச் சொல்கிறாள். நண்பன் திகைத்துப் போய் ஓடிவிடுகிறான். கணவனுக்கோ அதைக் கேட்டதும் மனம் பொறுக்கவில்லை. சில பக்கங்களே உள்ள கதை. 'கொடுக்கும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் தலைமுறைத் தகப்பன்களுக்குக் கதைகளில் நியாயம் கிடைக்கவில்லை. ஒன்று கொடுமைக்காரன், இல்லாவிட்டால் ஊமை. பாசமுள்ள கணவனோ தகப்பனோ கதைக்கு உதவ மாட்டானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சிவகாசி

உங்கள் வருத்தம் நியாயமானது. இரண்டு கதைகளைச் சொல்கிறேன் ஐயா.

முதலாவது புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்'. பிரமநாயகம் பிள்ளை பிழைப்புக்காகச் சென்னை வந்தவர், ஜவுளிக்கடைச் சிப்பந்தி. மனைவி நெடுநாள் நோயாளி. கடைக்குப் போவதற்கு முன் சமைத்து வைத்து, அவளுக்கு வேண்டியதைச் செய்துவிட்டுப் போவார். இரவு வந்து மறுபடி அடுப்பைப் பற்ற வைப்பார். ஊருக்குப் போக வேண்டும் என்று அவள் ஏங்குகிறாள், அது நடப்பதாக இல்லை. ஒரு நாள் அவள் இறந்துவிடுகிறாள். அவர் வெந்நீர் போட்டு அந்த உடலைத் தாமே குளிப்பாட்டுகிறார், சேலை உடுத்திவிடுகிறார். அன்பு என்ற சொல்லை வைத்து நீட்டி முழக்காமல், அடுப்பையும் வெந்நீரையும் காட்டியே ஓர் ஆணின் பாசத்தைச் சொல்லிவிட்ட கதை. வீட்டு வேலை பெண்ணுக்கே உரியது என்று ஊர் முழுக்க நம்பிய காலத்தில் எழுதப்பட்டது. புதுமைப்பித்தன் 1948-லேயே மறைந்துவிட்டார்.

இரண்டாவது இமையத்தின் 'பெத்தவன்', 2012-இல் வந்த நெடுங்கதை. மகள் பாக்கியம் தலித் இளைஞனை விரும்புகிறாள். அவளைக் கொன்றுவிட வேண்டும் என்று ஊர் கூடித் தீர்மானிக்கிறது. செய்து முடிக்க வேண்டியவன் பெற்றவனாம். தகப்பன் பழனி ஊருக்குச் சரி என்று சொல்லிவிட்டு வருகிறார். அன்று இரவு வீட்டில் நடப்பதை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடிந்ததில்லை. பணத்தையும் நகையையும் கொடுத்து மகளை அனுப்பிவிட்டுத் தன் உயிரை விடுகிறார். அந்த வீட்டில் உள்ள பெண்கள் முதலில் என்னென்ன பேசுகிறார்கள், மகள் புறப்படும்போது என்னென்ன பேசுகிறார்கள் என்பதைக் கவனித்துப் படியுங்கள். ஊரின் குரல் வீட்டுக்குள்ளும் இருக்கிறது, ஒரே இரவில் அது உடைகிறது. தகப்பன்களுக்கு இதைவிட நியாயம் செய்த கதை எனக்குத் தெரிந்து இல்லை.

அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' கதையைப் படித்துவிட்டு, எந்தத் தாயும் அப்படிப் பேச மாட்டாள் என்கிறார் என் அம்மா. உங்கள் கருத்து?
– வாசகி, தூத்துக்குடி

பேசுவார்கள். பேசிய மறுகணமே மறந்தும்விடுவார்கள். கேட்ட பெண் மறப்பதில்லை. கறுப்பாகப் பிறந்த சிறு பெண், தாயைத் தெய்வமாக நினைக்கிறவள், தாய் ஊரில் இல்லாத நாளில் வயதுக்கு வருகிறாள். அம்மா வந்து ஏதாவது அழகாகச் சொல்லுவாள் என்று காத்திருக்கிறாள். வந்தவள் வாயிலிருந்து இதற்குள் என்ன அவசரம், இது வேறு பாரம் என்ற பொருளில் பேச்சு வருகிறது. அவள் போய்வந்த இடத்தில், உறவுக்காரப் பெண்ணைக் கறுப்பு என்று சொல்லிப் பெண் பார்க்க வந்தவர்கள் தட்டிக் கழித்திருக்கிறார்கள். தாய் அந்த அவமானத்தைச் சுமந்துகொண்டு வந்து மகள் தலையில் இறக்கிவிடுகிறாள். உங்கள் அம்மாவிடம் சண்டை வேண்டாம். அவர் வயதுக்கு வந்த நாளில் யார் என்ன சொன்னார்கள் என்று மெல்லக் கேட்டுப் பாருங்கள்.

அண்ணன் வீட்டுச் செழிப்பைப் பார்த்துத் தம்பி வீடு புழுங்குவது போன்ற அற்ப விஷயங்களை இலக்கியம் எழுதலாமா?
– வாசகர், மன்னார்குடி

அற்ப விஷயமா? பாதி வீடுகள் அதில்தான் எரிகின்றன. உங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர் தி.ஜானகிராமன் எழுதிய 'பாயசம்' கதையைப் படியுங்கள். சாமநாது என்ற முதியவர். அண்ணன் மகன் சுப்பராயன் உழைத்து மேலே வந்துவிட்டவன், அவன் வீட்டுக் கல்யாணம். சாமநாதுவுக்கு அவன் ஒரு குறையும் வைத்ததில்லை, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கல்யாணக் கூட்டத்துக்குக் காய்ச்சி வைத்திருந்த பாயசத்தை அண்டாவோடு கவிழ்த்துவிட்டு, அதில் பெருச்சாளி விழுந்துவிட்டது, மூடி வைக்கக் கூடத் தெரியவில்லையா என்று மற்றவர்கள் மேலேயே பாய்கிறார். எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். விதவையாகி அவருடன் இருக்கும் மகள் மட்டும் அவரைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையை ஜானகிராமன் விளக்கவே இல்லை. பங்காளிப் பகையைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதினாலும் அந்த ஒரு பார்வைக்கு ஈடாகாது.

எங்கள் குடும்பத்தில் நடந்ததை வைத்து ஒரு சிறுகதை எழுதினேன், பத்திரிகையிலும் வந்தது. பெயர், ஊர் எல்லாவற்றையும் மாற்றியிருந்தேன். ஆனாலும் அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இனி எழுதுவதா, விடுவதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

கதையையும் இணைத்து அனுப்பியிருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன், வெளிப்படையாகச் சொல்கிறேன்.

பெயரை மாற்றினால் ஆளை மறைத்துவிடலாம் என்பது எழுதுகிறவர்களின் நம்பிக்கை. உங்கள் அக்கா தன்னை அடையாளம் கண்டுகொண்டது, கதையில் அந்தப் பெண் தாயின் வளையலை எடைபோட்டுப் பார்த்துக் கேட்கும் அந்தக் கேள்வியால். அதை அப்படியே எடுத்து வைத்திருக்கிறீர்கள். கதையிலேயே உயிருள்ள இடமும் அதுதான். அதனால் எடுத்திருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. தாயை வைத்துப் பார்த்துக்கொண்ட அந்தப் பத்து வருடமும் அக்காதானே கூட இருந்தாள்? கதையில் அது ஒரே வரியில் கடந்து போகிறது. வெளியூரில் இருந்துவிட்டுக் காரியத்துக்கு வந்த தம்பியின் துக்கத்துக்கு மூன்று பக்கம். தம்பி எதைக் கண்டும் கூச்சப்படவே இல்லை. படிக்கிறவருக்கு இது தெரிந்துவிடும். தகுதிக்கு மீறிய சீதனம், மகள் என்றால் வாங்கிப்போக வருகிறவள் என்ற பேச்சு, மகன் என்றால் கொள்ளி வைத்தால் போதும் என்ற எண்ணம் எல்லாம் உங்கள் கதைக்கு வெளியே நிற்கின்றன. அவற்றை உள்ளே விட்டிருந்தால் வளையல் கேள்விக்கு வேறு கனம் வந்திருக்கும்.

கி.ராஜநாராயணனின் 'கன்னிமை'யைப் படியுங்கள். நாச்சியாரம்மாவை முதல் பாதியில் தம்பி சொல்கிறான். அள்ளி அள்ளிக் கொடுத்த கை, முகம் சுளிக்காத பெண். அடுத்த பாதியைக் கணவன் சொல்கிறான். கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அதே பெண் கையை இறுக்கிக்கொண்டுவிட்டாள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. நாச்சியாரம்மா தன் தரப்பை வாய் திறந்து சொல்வதில்லை, ஆனாலும் நாம் அவளைக் குறைசொல்ல முடியாமல் தவிக்கிறோம். ஏன் அப்படி ஆனாள் என்ற கேள்வி நம்மிடமே வந்துவிடுகிறது.

எங்கள் நூலகத்து வாசகர் வட்டத்தில் எழுதுகிறவர்களுக்கு நான் ஒரு பயிற்சி சொல்வதுண்டு. யார் மேல் உங்களுக்கு மனக்குறையோ, அவர் வாயால் அதே நிகழ்ச்சியைத் 'நான்' என்று தன்மையில் எழுதிப் பாருங்கள். அதை அச்சுக்கு அனுப்ப வேண்டியதில்லை. எழுதி முடித்துவிட்டுப் பழைய கதையை எடுத்தால் எந்த வரியை வெட்ட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நீங்களும் அக்காவாக இருந்து அந்தப் பத்து வருடத்தை எழுதுங்கள். எழுதுவதை விட்டுவிடாதீர்கள். அக்காவிடம் போய்ப் பேச வேண்டும், அதற்குக் கதையைத் தூது அனுப்பாமல் நேரில் போங்கள்.

பன்னிரண்டு வயதுப் பேத்தி கோடை விடுமுறைக்கு வருகிறாள். குடும்பத்தைப் பற்றிய நல்ல தமிழ்க் கதை எதைப் படிக்கக் கொடுக்கலாம்?
– பாட்டி, கும்பகோணம்

முதலில் கு.அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. தீபாவளிக்கு முந்தைய இரவில் ஏழை வீட்டுக்கு ஓர் அநாதைச் சிறுவன் வந்து சேர்கிறான். தாயம்மாள் அவனைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்கிறாள். அவனுக்கு உடுத்தத் துண்டு கொடுக்கச் சொல்வது அந்த வீட்டுச் சிறுமி மங்கம்மாள்தான். பேத்திக்கு அவளைப் பிடித்துப்போகும்.

அடுத்து கி.ரா.வின் 'கதவு'. பிள்ளைகள் கதவில் தொற்றிக்கொண்டு பஸ் ஓட்டுகிறார்கள், டிக்கெட் கொடுக்கிறார்கள். நிலத் தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவை வரி வசூலிக்கிறவர்கள் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். குளிரில் கைக்குழந்தை இறக்கும் இடம் ஒன்று வரும், அப்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். வண்ணநிலவனின் 'எஸ்தர்' கதையும் அதே அலமாரியில்தான் இருக்கும். பஞ்ச காலத்தில் ஊரை விட்டுக் கிளம்பும் ஒரு குடும்பம் தன் பாட்டியை என்ன செய்கிறது என்பது அந்தக் கதை. பேத்தி பத்தாம் வகுப்பு முடிக்கட்டும், அதுவரை அதை மேல் தட்டில் வையுங்கள்.